செண்டர் ஃபீல்டர்களை ஒப்பிட பேஸ்பால்-ரெஃபரன்ஸ்: எதை நம்பலாம், எதைச் சரிபார்க்க வேண்டும்

வில்லி மேஸ், டை காப், ட்ரிஸ் ஸ்பீக்கர், மிக்கி மேன்டில், ஜோ டிமாஜியோ, கென் க்ரிஃபி ஜூனியர், மைக் ட்ரௌட். அமெரிக்க பேஸ்பாலில் நூறாண்டுக்கு மேல் பரந்து கிடக்கும் இந்த ஏழு செண்டர் ஃபீல்டர்களையும் எண்களால் ஒப்பிட பேஸ்பால்-ரெஃபரன்ஸ் என்னும் புள்ளிவிவரத் தளத்தைவிட நல்ல கருவி இல்லை. 2000-இல் ஷான் ஃபோர்மன் தொடங்கியது. தேவையானதில் பெரும்பகுதி இலவசமாகவே கிடைக்கிறது. பேட்டிங் ஒப்பீட்டுக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கலாம். ஃபீல்டிங்குக்கு அப்படிச் சொல்ல முடியாது. 1950-களுக்கு முந்தைய ஃபீல்டிங் எண்கள் மதிப்பீடுகள்தான், அளவீடுகள் அல்ல. ஆனால் தளம் இரண்டையும் ஒரே கட்டத்தில், ஒரே எழுத்தில் காட்டுகிறது. செண்டர் ஃபீல்டர் என்பவரே மைதானத்தின் மிகப் பெரிய பரப்பைக் காப்பவர் என்பதால் இது சின்னக் குறை அல்ல.

தொடங்க வேண்டிய இடம் செண்டர் ஃபீல்டர்களுக்கான ஜாஸ் பக்கம். ஜே ஜாஃபே வகுத்த அளவுகோல் இது. ஓர் ஆட்டக்காரரின் மொத்த வார் எண்ணையும், அவருடைய சிறந்த ஏழு சீசன்களின் வார் கூட்டுத்தொகையையும் எடுத்து இரண்டுக்கும் சராசரி காண்கிறது. அந்த ஏழு சீசன்கள் அடுத்தடுத்து வர வேண்டியதில்லை. வார் என்பது, எந்த அணிக்கும் எளிதில் கிடைக்கக்கூடிய ஒரு மாற்று ஆட்டக்காரரைவிட இவர் எத்தனை வெற்றிகளைக் கூடுதலாகத் தந்தார் என்ற மதிப்பீடு. ஏறத்தாழ 10 ஓட்டங்கள் ஒரு வெற்றிக்குச் சமம் என்று வைத்துக்கொண்டு படிக்கலாம்.

ஜாஸ் வரிசையில் மேஸ் சுமார் 115, காப் 110, ஸ்பீக்கர் 98-99, மேன்டில் 87-88. அடுத்து ட்ரௌட். அவருக்குக் கீழே க்ரிஃபி 69-உம் டிமாஜியோ 65-உம் பெறுகிறார்கள். ஹால் ஆஃப் ஃபேமில் (வாக்கெடுப்பால் தேர்ந்தெடுக்கப்பட்ட மேதைகளின் கௌரவ அவை) இருக்கும் செண்டர் ஃபீல்டர்களின் சராசரி 58-ஐ ஒட்டியது. இந்தப் பட்டியலின் உண்மையான பயன் முதலிடம் யாருக்கு என்பதில் இல்லை, இடைவெளிகளில் இருக்கிறது. முதல் நால்வருக்கும் சராசரிக்கும் நடுவே கிடக்கும் தூரத்தைப் பாருங்கள். 622 ஸ்டீல்கள் (பந்து வீசப்படும்போதே ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பது) எடுத்த செண்டர் ஃபீல்டர் கென்னி லாஃப்டன் வார் கணக்கில் 68 பெற்றும், 2013 வாக்கெடுப்பில் 3.2 சதவீதத்தோடு முதல் ஆண்டிலேயே பட்டியலிலிருந்து விழுந்தார். அவருக்கு நடந்தது எவ்வளவு பெரிய அநியாயம் என்பது இந்தப் பக்கத்தில் கண்ணுக்கு நேராகத் தெரியும்.

ஜாஸ் பக்கத்தோடு நிறுத்திவிடக் கூடாது. ஒவ்வொருவருடைய பக்கத்துக்கும் போய், 'பிளேயர் வேல்யூ' என்ற அட்டவணையைத் திறக்க வேண்டும். வார் எண்ணின் உட்கூறுகள் அங்கேதான் ஓட்டங்களாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன: பேட்டிங் ஓட்டங்கள், பேஸ் ஓடியதில் கிடைத்தவை, டபுள் பிளே (ஒரே பந்தில் இருவர் அவுட் ஆவது) தவிர்த்தவை, ஃபீல்டிங் ஓட்டங்கள், ஆடிய இடத்துக்கான ஈடு. மேன்டிலுக்கும் மேஸுக்கும் இடையில் 46 வார் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதை இந்த வரிசைகள்தான் சொல்லும். பேட் செய்ய வந்த ஒவ்வொரு முறைக்கும் பயன் பார்த்தால் மேன்டில் ஒரு படி மேல். வித்தியாசத்தை உண்டாக்குபவை ஃபீல்டிங்கும் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையும். மேன்டில் 2,401 ஆட்டங்களோடு நின்றார், மேஸ் 3,000-ஐத் தாண்டினார். ஃபீல்டிங் வரிசையில் மேஸுக்கு 180 ஓட்டங்களுக்கு மேல் கூடுகிறது, மேன்டிலுக்குக் கழிகிறது.

இந்த அட்டவணையில் மிக எளிதாக விழக்கூடிய குழி ஒன்று உண்டு. ஓ-வார், டி-வார் என இரண்டு வரிசைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பெயரைப் பார்த்தால் பேட்டிங் ஒரு பக்கம், தடுப்பு மறுபக்கம், கூட்டினால் மொத்த வார் வரும் என்று தோன்றும். வராது. ஆடிய இடத்துக்கான ஈடு இரண்டிலும் சேர்க்கப்பட்டிருக்கிறது, கூட்டினால் அது இரண்டு முறை எண்ணப்படும். இக்காலக் கணக்கில் முழு சீசன் செண்டர் ஃபீல்டில் நின்றால் சுமார் 2.5 ஓட்டம் கூடும், லெஃப்ட் அல்லது ரைட் ஃபீல்டில் நின்றால் சுமார் 7 ஓட்டம் குறையும். ஃபீல்டிங் திறனை மட்டும் தனியே பார்க்க வேண்டுமென்றால் டி-வாரை விட்டுவிட்டு ஃபீல்டிங் ஓட்ட வரிசையைப் பாருங்கள்.

பேட்டிங்குக்கு ஒரே ஒரு எண்தான் எடுக்க வேண்டும் என்றால் ஓ.பி.எஸ். பிளஸ். ஆன்-பேஸ் சதவீதத்தை (பேட்டர் பேஸை எட்டிய விகிதம்) லீக் சராசரியால் வகுக்க வேண்டும், ஸ்லக்கிங்கையும் (அடித்து எட்டிய பேஸ்களின் சராசரி) அப்படியே வகுக்க வேண்டும், இரண்டையும் கூட்டி 1 கழித்து நூறால் பெருக்க வேண்டும். 100 என்றால் லீக் சராசரி. மைதானத்துக்கான திருத்தம் லீக் சராசரியிலேயே செய்யப்படுகிறது. மேஸின் .384, .557 என்ற எண்களை எடுத்து, லீக் அளவு .330, .400 என்று உதாரணத்துக்கு வைத்துப் போட்டுப் பாருங்கள்: 1.164-உம் 1.392-உம் கூடி 1 கழிந்தால் 1.556, அதாவது 156. தளம் அவருக்குத் தரும் எண் இதை ஒட்டியே இருக்கும். இதே அளவில் மேன்டில் 172, காப் 168, ஸ்பீக்கர் 158, டிமாஜியோ 155, க்ரிஃபி 136.

ஏன் வெறும் பேட்டிங் சராசரியும் (ஹிட் அடித்த விகிதம்) ஹோம் ரன்னும் போதாது என்பதற்கு மேன்டிலின் கடைசி சீசனை விடத் தெளிவான சான்று கிடைக்காது. 1968-இல் அவர் .237 அடித்தார், 18 ஹோம் ரன். அந்த ஓராண்டால்தான் அவருடைய வாழ்நாள் சராசரி .300-க்குக் கீழே இறங்கி .298 ஆனது. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அது முடிந்துபோன ஒருவரின் ஆண்டு. ஆனால் 1968 பந்துவீச்சாளர்களின் ஆண்டு, அமெரிக்கன் லீக் முழுவதுமே சராசரி .230தான். மேன்டில் 106 வாக் (நான்கு தவறான பந்துகளுக்காக இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) எடுத்து ஓ.பி.எஸ். பிளஸில் 143 பெற்றார். 2000-இல் க்ரிஃபி 40 ஹோம் ரன் அடித்து, .271 சராசரியோடு முடித்த சீசனுக்கு இதைவிடக் குறைவான ஓ.பி.எஸ். பிளஸ்தான் கிடைக்கிறது. காலத்தைச் சரிக்கட்டாமல் இந்த இரண்டு சீசன்களையும் அருகில் வைப்பதில் பொருளே இல்லை.

இதே காரணத்துக்காகத்தான் ஆட்டக்காரர் பக்கத்தின் அடியில் வரும் ஒற்றுமைப் புள்ளிகளை ஒப்பீட்டுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்கிறேன். பில் ஜேம்ஸ் வகுத்த அந்தக் கணக்கு 1,000-இல் தொடங்கி வித்தியாசங்களைக் கழித்துக்கொண்டே போகும். இரண்டு ஹோம் ரன் வித்தியாசத்துக்கு ஒரு புள்ளி. காப் 117, மேஸ் 660. ஹோம் ரன்னில் மட்டும் 271 புள்ளி போய்விடும். பந்து உயிரற்றிருந்த காலத்தில் யாருமே அதிகம் ஹோம் ரன் அடிக்கவில்லை என்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது.

ஓ.பி.எஸ். பிளஸும் குறையற்றதல்ல. மைதானத் திருத்தம் ஒரு மைதானத்துக்கு ஒரே எண். வலக்கை பேட்டருக்கும் இடக்கை பேட்டருக்கும் அதுவே. டிமாஜியோவுக்கு இது நேரடியான நட்டம். அவருடைய சொந்த மைதானமான பழைய யாங்கி ஸ்டேடியத்தில் ரைட் ஃபீல்ட் வேலி மிக அருகில், இடக்கை பேட்டர்களுக்கு வசதி. லெஃப்ட்-செண்டரோ 1937-க்குப் பின் 457 அடி. டிமாஜியோ வலக்கை பேட்டர், அவர் பலமாக அடிக்கும் பந்துகள் போய் விழும் திசையே அதுதான். அவருடைய 361 ஹோம் ரன்களில் சொந்த மைதானத்தில் அடித்தவை 148, வெளி மைதானங்களில் 213. பொதுவாக ஆட்டக்காரர்கள் சொந்த மைதானத்தில்தான் கொஞ்சம் கூடுதலாக அடிப்பார்கள். ஒரே எண்ணாலான திருத்தம் இந்த இழப்பை ஈடுகட்டாது. ஆகவே டிமாஜியோவை ஒப்பிடும்போது 'ஸ்பிளிட்ஸ்' பகுதிக்குப் போய் வெளி மைதான வரிசையைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். வாழ்நாள் முழுவதும் 361 ஹோம் ரன்னுக்கு 369 ஸ்ட்ரைக்-அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) மட்டுமே ஆன ஒரு பேட்டரை அவருடைய மைதானத்தின் வடிவம் இவ்வளவு கீழே இழுக்க விடக் கூடாது.

போருக்குப் போன ஆண்டுகளையும் இங்கேயே பேசிவிடலாம். டிமாஜியோ 1943 முதல் 1945 வரை ஆடவில்லை, 154 ஆட்ட சீசன் கணக்கில் 462 ஆட்டங்கள். மேஸ் 1952-இன் பெரும்பகுதியையும் 1953 முழுவதையும் ராணுவத்தில் கழித்தார். இல்லாத சீசன்களுக்கு எண் புனைந்து கூட்டுவதைவிட, வாரை 650 பிளேட் வருகைக்கு (பேட் செய்ய வந்த முறைகள்) இத்தனை என்று மாற்றிக்கொள்வது நேர்மையான வழி. மொத்த வாரைப் பிளேட் வருகைகளால் வகுத்து 650-ஆல் பெருக்கினால் போதும். அப்படிச் செய்தால் மேஸ் 8-ஐ ஒட்டியும், காப் 7.5, ஸ்பீக்கர், மேன்டில் இருவரும் 7.2-7.3, டிமாஜியோ 6.7, க்ரிஃபி 4.8 என்றும் வரும். மொத்த வாரில் க்ரிஃபி 83.8 பெற்று டிமாஜியோவின் 79-ஐ முந்துகிறார், இந்தக் கணக்கில் வரிசை தலைகீழாகிறது. இரண்டுமே உண்மை. நீண்டு ஆடியதற்கு மதிப்புத் தருகிறோமா, ஆடியபோது எப்படி ஆடினார் என்பதற்கா என்று முதலிலேயே முடிவுசெய்துகொள்ள வேண்டும்.

இனி ஃபீல்டிங். தளத்தின் ஃபீல்டிங் எண் ஒரே முறையில் கணிக்கப்பட்டதல்ல. 2003 முதல் டிஃபென்சிவ் ரன்ஸ் சேவ்ட் என்னும் முறை: பந்து எங்கே விழுந்தது, எவ்வளவு வேகம் என்பதைக் காணொளி பார்த்துக் குறித்த தரவு. அதற்கு முன் டோட்டல் ஸோன்: ரெட்ரோஷீட் சேகரித்த பந்துக்குப் பந்து பதிவுகளை வைத்துக் கணித்தது. 1989-இல் டேவிட் ஸ்மித் தொடங்கிய ரெட்ரோஷீட் அமைப்பின் தன்னார்வலர்கள் பழைய ஸ்கோர் புத்தகங்களைத் தேடித் தேடித் தட்டச்சு செய்த உழைப்பு அது. அந்தப் பதிவுகள் 1950-களின் தொடக்கத்திலிருந்துதான் இந்தக் கணக்குக்குப் போதுமான அளவில் இருக்கின்றன. அதற்கும் முன்னால், ஃபீல்டர் பிடித்த கேட்ச், எறிந்து அவுட் ஆக்கிய எண்ணிக்கை, பிழைகள் ஆகிய சீசன் மொத்தங்களிலிருந்து பின்னோக்கி ஊகிக்கப்பட்டவையே மிகுதி.

இதன் விளைவு என்ன? சீசன் மொத்தங்களிலிருந்து கணித்தால், பந்துகள் அதிகம் உயரே போகும் பந்துவீச்சாளர்களைக் கொண்ட அணியின் செண்டர் ஃபீல்டருக்குக் கூடுதல் கேட்ச்கள் தானாக வந்து சேரும். தரையோடு உருளும் பந்துகளை வரவழைக்கும் அணியில் நின்றவர் குறைவாகத் தெரிவார். இதைச் சரிக்கட்ட முயல்கிறார்கள், ஆனால் முழுதும் சரிசெய்யத் தேவையான தரவு இல்லை. எனவே ஊக எண்கள் பூஜ்யத்தை நோக்கிச் சுருங்கும். டிமாஜியோவின் ஃபீல்டிங் எண் அவரைப் பார்த்தவர்கள் சொன்ன பெருமைக்கு ஈடாக இல்லை என்பதை வைத்து அவர் சாதாரண ஃபீல்டர் என்று முடிவுகட்டுவது தவறு. ஆண்ட்ரூ ஜோன்ஸ் 230 ஓட்டங்களுக்கு மேல் பெற்று செண்டர் ஃபீல்டர்களில் இந்த வரிசையின் தலையில் நிற்கிறார். அவர் அபாரமான ஃபீல்டர் என்பதில் ஐயமில்லை, சிறந்த ஃபீல்டருக்கான கோல்ட் கிளவ் விருதைப் பத்து முறை வாங்கியவர். ஆனால் ஸ்பீக்கரைவிட அவர் எத்தனை ஓட்டம் மேல் என்று இந்த எண்களை வைத்துக் கழித்துச் சொல்ல முடியாது. இருவருடைய எண்களும் வேறு வேறு அளவுகோலில் எடுக்கப்பட்டவை.

ஸ்பீக்கர் விஷயத்தில் வேறொரு நேரடிச் சான்று இருக்கிறது, தளமே அதைத் தருகிறது: அவுட்ஃபீல்டிலிருந்து 449 அசிஸ்ட் (பந்தை எறிந்து ஒருவரை அவுட் ஆக்க உதவியது), இன்றுவரை முறியாத சாதனை. பந்து அதிகம் பறக்காத காலத்தில் இரண்டாம் பேஸுக்கு மிக அருகே வந்து நின்று ஆடியவர் அவர். அந்த எண்ணிக்கைக்குக் கைவலிமையோடு அந்த நிற்குமிடமும் காரணம். இன்றைய செண்டர் ஃபீல்டர் அங்கே நின்றால் தலைக்கு மேல் பந்து போய்க்கொண்டே இருக்கும். ஆகவே அசிஸ்ட் எண்ணிக்கையைக் காலம் கடந்து ஒப்பிடாமல், அதே லீக்கில் அதே ஆண்டில் ஆடியவர்களோடு ஒப்பிடுங்கள்.

கோல்ட் கிளவ் எண்ணிக்கையும் அப்படியே. விருது 1957-இல்தான் தொடங்கியது. மேஸ் முதல் ஆண்டிலிருந்து தொடர்ந்து 12 வாங்கினார். 1954 வேர்ல்ட் சீரிஸில் எதிரணி பேட்டர் விக் வெர்ட்ஸ் அடித்த பந்தை முதுகைக் காட்டி ஓடிப் பிடித்த மேஸ் அதற்கு மூன்று ஆண்டு முந்தையவர், அந்த மேஸுக்கு விருது வரிசையில் இடமே இல்லை. க்ரிஃபிக்குப் பத்து கோல்ட் கிளவ், எல்லாமே சியாட்டில் காலத்தவை. அவருடைய ஃபீல்டிங் ஓட்டங்களைச் சீசன் வாரியாகப் பாருங்கள். சியாட்டிலில் சேர்த்ததைச் சின்சினாட்டியில் காயங்களோடு ஆடிய ஆண்டுகள் ஏறக்குறைய முழுதும் தின்றுவிட்டன. மொத்தத்தை மட்டும் பார்த்து அவரைச் சராசரி ஃபீல்டர் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்க வேண்டியது 1989 முதல் 1999 வரையான பகுதி. இதற்குத் தளத்தில் நல்ல வசதி உண்டு: அட்டவணையில் முதல் சீசன் வரிசையைச் சொடுக்கி, பிறகு கடைசி சீசன் வரிசையைச் சொடுக்கினால் இடைப்பட்ட ஆண்டுகளின் மொத்தம் தனியாகக் கிடைக்கும். சியாட்டிலின் அந்தப் பதினோரு சீசன்களில் 398 ஹோம் ரன் என்பதையும் அங்கேயே காணலாம்.

பழைய புத்தகங்களோடு எண் ஒத்துப்போகவில்லை என்று குழம்புகிறவர்களுக்கு இரண்டு விளக்கங்கள். காபின் ஹிட் எண்ணிக்கை தளத்தில் 4,189, பழைய அதிகாரபூர்வக் கணக்கில் 4,191. 1910-இல் அவர் இரண்டு ஹிட் அடித்த ஓர் ஆட்டம் இரண்டு முறை பதிவானதே காரணம். சராசரி .367 என்பது .366 ஆவதும் இந்த மாதிரித் திருத்தங்களால்தான். மேஸுக்கு 3,283 என்று மனப்பாடம் செய்தவர்கள் இப்போது 3,293 பார்ப்பார்கள். 1948-இல் பர்மிங்ஹாம் பிளாக் பேரன்ஸ் அணிக்காக நீக்ரோ லீக்கில் (கறுப்பின ஆட்டக்காரர்களுக்குத் தனியாக நடந்த லீக்) அடித்த 10 ஹிட்கள் சேர்ந்துள்ளன. 1920-1948 கால நீக்ரோ லீக்குகளை இந்தத் தளம் 2021-லேயே மேஜர் லீக் பக்கங்களில் இணைத்தது, மேஜர் லீக் பேஸ்பாலின் அதிகாரபூர்வப் பதிவேடு 2024-இல் சேர்த்தது. அதனால்தான் நீக்ரோ லீக் செண்டர் ஃபீல்டரான ஆஸ்கர் சார்ல்ஸ்டன் .360-க்கு மேல் சராசரியோடு இந்த ஒப்பீட்டுக்குள் வருகிறார். அவரை மொத்த வாரில் தேடாதீர்கள். பதிவான சீசன்கள் குறுகியவை, மொத்தம் சின்னதாகத்தான் இருக்கும். 650 பிளேட் வருகைக் கணக்கில் தேடுங்கள், அவர் எந்த வரிசையில் நிற்க வேண்டியவர் என்பது புரியும்.

வெற்றுக் கட்டங்களைப் பூஜ்யமாக எண்ணுவது இன்னொரு பொதுவான தவறு. காப் 897 ஸ்டீல் எடுத்தார். ஆனால் பிடிபட்ட எண்ணிக்கை பல சீசன்களுக்குப் பதிவே இல்லை. வாழ்நாள் மொத்தங்களை வகுத்து வெற்றி சதவீதம் போட்டால் பொய்யான உயரம் வரும். அமெரிக்கன் லீக்கில் பேட்டர்களின் ஸ்ட்ரைக்-அவுட் 1913-க்கு முன் அதிகாரபூர்வமாகக் குறிக்கப்படவில்லை. சாக்ரிஃபைஸ் ஃப்ளை (கேட்ச் ஆனாலும் ஓட்டம் தரும் உயரமான அடி) தனிக் கணக்காக வந்தது 1954-இல்தான், அதனால் முந்தைய ஆன்-பேஸ் சதவீதத்தில் அது இல்லை.

அட்டவணையை எக்செலுக்குக் கொண்டுபோக, அட்டவணைக்கு மேலே உள்ள 'ஷேர் அண்ட் எக்ஸ்போர்ட்' பட்டியலில் சி.எஸ்.வி. வடிவத்தைத் தேர்ந்தெடுத்துப் படியெடுக்கலாம். சந்தா தேவையில்லை. கூட்டுவதற்கு முன் நடுசீசனில் அணி மாறிய ஆண்டுகளைச் சரிபாருங்கள். மேஸ் 1972-இல் ஜயண்ட்ஸிலிருந்து மெட்ஸுக்குப் போனார், க்ரிஃபி 2008-இல் ரெட்ஸிலிருந்து வொயிட் சாக்ஸுக்கு. அந்த ஆண்டுகளுக்கு இரண்டு அணி வரிசைகளும் ஒரு மொத்த வரிசையும் இருக்கும். அப்படியே கூட்டினால் அந்த சீசன் இரட்டிக்கும். சீசன் பட்டியல்களில் பெயரோடு ஒட்டி வரும் நட்சத்திரக் குறி (*) இடக்கை பேட்டரையும், எண் குறி (#) இரு கையாலும் அடிப்பவரையும் காட்டும். நீக்காவிட்டால் இரண்டு அட்டவணைகளைப் பெயரால் இணைக்க முடியாது. நிரல் எழுதி நூற்றுக்கணக்கான பக்கங்களை வேகமாக இழுக்கவும் வேண்டாம். நிமிடத்துக்கு இத்தனை என்ற வரம்பைத் தாண்டினால் தளம் உங்களைத் தடுத்துவிடும். எடுத்த எண்ணோடு தேதியைக் குறித்து வையுங்கள். வார் சூத்திரம் திருத்தப்படும்போதும் புதிய பழம்பதிவுகள் சேரும்போதும் ஓய்வுபெற்றவர்களின் எண்ணும் நகரும்.

வார் கணக்கிடும் இன்னொரு தளமான ஃபேன்கிராஃப்ஸையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்வது நல்லது. 2013-இல் இரு தளங்களும் மாற்று ஆட்டக்காரரின் அளவை ஒரே இடத்தில் வைக்க ஒப்புக்கொண்டதால் இன்று எஞ்சியிருக்கும் வேறுபாடு பெரும்பாலும் ஃபீல்டிங், மைதானக் கணக்குகளில்தான். மேஸுக்கு அங்கே சுமார் 150, இங்கே 156. க்ரிஃபிக்கு அங்கே 78-ஐ ஒட்டி, இங்கே 84. மேன்டிலுக்கு அங்கே 112, இங்கே 110. ஐந்தாறு வார் வித்தியாசம் இரண்டு நல்ல தளங்களுக்கு இடையிலேயே இருக்கிறது என்றால், மேஸ் 156, காப் 151 என்ற இடைவெளியை வைத்து யாரும் சத்தியம் செய்யக் கூடாது.

ஸ்டேட்ஹெட் என்னும் கட்டணச் சேவை அதே நிறுவனத்துடையது. ட்ரௌட்டுக்கு அது மிகவும் பயன்படும். அவர் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார், 2025 செப்டம்பரில்தான் 400-ஆவது ஹோம் ரன்னைத் தொட்டார். முடிந்த வாழ்க்கைகளோடு முடியாத ஒன்றை ஒப்பிட ஒரே சரியான வழி, எல்லோரையும் ஒரே வயதில் நிறுத்துவது. 27 வயது வரை, 30 வயது வரை, குறைந்தது பாதி ஆட்டங்கள் செண்டர் ஃபீல்டில் என்று நிபந்தனை போட்டுத் தேட ஸ்டேட்ஹெட் வேண்டும். சந்தா இல்லாதவர்களுக்கு முடிவுகள் முழுதாகக் கிடைக்காது. இந்த ஏழெட்டுப் பேரை மட்டும் ஒப்பிடுவதென்றால் பணம் செலவிட வேண்டாம், சீசன் வரிசைகளைச் சொடுக்கிக் கூட்டும் வசதியே அந்த வேலையைச் செய்துவிடும். ஜிம் எட்மண்ட்ஸ், ரிச்சி ஆஷ்பர்ன், டியூக் ஸ்னைடர், கார்லோஸ் பெல்ட்ரான் என்று பட்டியலை நீட்டி, ஐம்பது பேரை வயது வாரியாக வரிசைப்படுத்தப் போகிறீர்கள் என்றால் ஒரு மாதச் சந்தா எடுத்து, வேலையை முடித்துக்கொண்டு நிறுத்திவிடலாம்.